மாத்திரையை அலமாரியில் வைத்திருக்கும் கரூர் அம்மாவுக்கு

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். போன வருஷம் நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ வேண்டாம், இம்யூனோதெரபி மட்டும் போதும் என்று மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் ஊசி போட்டார்கள். எட்டு ஊசி வரை ஒரு தொந்தரவும் இல்லை, கட்டியும் நன்றாகச் சுருங்கியது. அதற்கப்புறம் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. மேல்வயிற்றில் எரிச்சல், அவ்வப்போது வாந்தி. பக்கத்து டாக்டர் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார், ஐந்து வாரம் சாப்பிட்டும் கேட்கவில்லை. 64 கிலோ இருந்தவர் 57 ஆகிவிட்டார். பிறகு எண்டோஸ்கோப்பி செய்து, இரைப்பை முழுக்க அழற்சி, சதைப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை, கிருமியும் இல்லை, இது ஊசியின் பக்க விளைவு என்கிறார்கள். ஊசியை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு 60 மில்லிகிராம் எழுதியிருக்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் புற்றுநோய் திரும்பக் கிளம்பிவிடாதா? பயத்தில் மூன்று நாளாக மாத்திரையைக் கொடுக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். இனி ஊசி போடவே முடியாதா? என்ன சாப்பாடு கொடுப்பது? எதிர்வீட்டு அக்கா எதிர்ப்பு சக்திக்கு ஒரு கஷாயம் சொல்கிறார், தரலாமா? அவர் கேட்பது காலையில் ஒரு காபி மட்டும்தான். அதையாவது கொடுக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்.

அம்மா,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே இதழ் அலுவலகத்தில் எண் வாங்கி உங்களோடு பேசிவிட்டேன். பதில் வெளியாகும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை அது. அன்று அவசரத்தில், "கேன்சர் டாக்டருக்கு இப்போதே ஃபோன் போட்டு மூன்று நாள் விட்டுப்போனதைச் சொல்லுங்கள், நாளைக் காலையே மாத்திரையை ஆரம்பியுங்கள்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே ஆற அமர எழுதுகிறேன். வேறு வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று நீங்களே சொன்னதால் கடிதத்தையும் சேர்த்து வெளியிடுகிறோம்.

முதலில் அந்த 'கேஸ்'. நம் ஊரில் வயிற்றுக் கோளாறு எதுவானாலும் கேஸ், அல்சர் என்று இரண்டே பெயர்தான். வயிறு என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. தொப்புளுக்குக் கீழே பிடித்து இழுத்தாலும் வயிற்றுவலி, நெஞ்சுக்குழியில் எரிந்தாலும் வயிற்றுவலி. அதனால் நான் யாரிடமும் எங்கே வலி என்று கேட்பதில்லை, கையை வைத்துக் காட்டச் சொல்வேன். உங்கள் கணவரைப் போன்றவர்கள் உள்ளங்கையை நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே பரப்பி வைப்பார்கள். அங்கே இருப்பது இரைப்பை. நாம் விழுங்கியதெல்லாம் போய் விழுகிற பை.

பக்கத்து டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். எரிச்சல், குமட்டல் என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கேட்கத்தான் செய்யும். ஊசியைப் பற்றி அவரிடம் சொன்னீர்களா என்று ஃபோனில் கேட்டேன். "கேன்சருக்கு மருந்து போகுதுன்னு சொன்னோம் சார். கீமோவான்னு கேட்டார், இல்லைன்னு சொன்னோம்" என்றீர்கள். கேட்டவர் மேலும் தப்பில்லை, சொன்னவர் மேலும் தப்பில்லை. ஐந்து வாரம் அந்த ஒரு 'இல்லை'யில் போய்விட்டது.

கீமோ வேறு, இது வேறு என்பது உண்மைதான். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களை நேரடியாகக் கொல்லும். பெம்ப்ரோலிசுமாப் புற்றுநோய் அணுவைக் கொல்வதில்லை. நம் ரத்தத்தில் காவலுக்கு இருக்கும் டி அணுக்களின் மேல் பிடி-1 என்று ஒரு புரதம் உண்டு. கண்டதையெல்லாம் கடித்துக் குதறாமல் அவற்றை அடக்கி வைக்கும் சங்கிலி அது. புற்றுநோய்க் கட்டி தந்திரமாக அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காவலைச் செயலிழக்கச் செய்கிறது. ஜப்பானில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு 1992-இல் இந்தப் பிடி-1-ஐக் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசன் சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு சங்கிலியை அவிழ்த்தால் கட்டி கரையும் என்று காட்டினார். 2018-இல் இருவருக்கும் சேர்த்து மருத்துவ நோபல் கொடுத்தார்கள். உங்கள் கணவருக்குப் போட்ட எட்டு ஊசியும் அந்தச் சங்கிலியை அவிழ்த்துவிடும் வேலையைத்தான் செய்தன.

அவிழ்த்துவிட்ட காவல்நாய் திருடனைத் துரத்தும். சில வீடுகளில் பால்காரரையும் கடித்துவிடும். யாரைக் கடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும், சிலருக்குத் தைராய்டு, சிலருக்கு ஈரல், நுரையீரல், மூட்டு. இரைப்பை, குடல் மருத்துவனான என் துறையில் அதிகம் பார்ப்பது பெருங்குடலை, அதாவது ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை பேதி. இரைப்பையைக் கடிப்பது அதைவிடக் குறைவு. குறைவு என்பதால்தான் யார் கண்ணிலும் சட்டென்று படுவதில்லை. பேதி என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பசியில்லை என்று தட்டைத் தள்ளி வைப்பவரை "நோயாளிதானே, அப்படித்தான் இருப்பார்" என்று விட்டுவிடுவோம்.

ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது எப்படி என்று ஃபோனில் கேட்டீர்கள். இந்தத் தொந்தரவுக்குக் காலக்கெடு கிடையாது. முதல் ஊசிக்கு அப்புறமும் வரும், ஒரு வருஷம் கழித்தும் வரும், ஊசியை நிறுத்திச் சில மாதம் ஆன பிறகும் வரும். இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். மருந்து போன பிறகும் அவிழ்ந்த அணுக்கள் உடனே அடங்கிவிடுவதில்லை. ஆகவே "கடைசி ஊசி போட்டே ரெண்டு மாசம் ஆச்சு" என்பது இதை விலக்கி வைக்கக் காரணம் ஆகாது.

இடையில் இன்னொரு வகை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஊசிகளின் விலை தெரிந்ததுதான், லட்சங்களில் ஓடும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்காரர்களுக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, நிவோலுமாப் என்ற இதே வகை ஊசியை வெறும் 20 மில்லிகிராம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மற்ற மருந்துகளோடு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். அந்த முறையில் ஊசி போடுகிறவர்கள் சிலர் என்னிடம் "எங்களுக்குச் சின்ன டோஸ்தானே, பக்க விளைவு வராது இல்லையா" என்பார்கள். சங்கிலி அவிழக் கொஞ்சம் மருந்தே போதும் என்பதால்தான் சின்ன டோஸ் வேலை செய்கிறது. அவிழ்ந்த நாய்க்கு எத்தனை மில்லிகிராமில் அவிழ்த்தார்கள் என்று தெரியாது. அந்த முறையில் கூடவே செலிகாக்சிப் என்ற வலிமாத்திரையும் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தும் போகின்றன. இரைப்பை கெட்டால் அவற்றையும் சேர்த்தே சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் கணவருக்கு எண்டோஸ்கோப்பியில் என்ன பார்த்திருப்பார்கள் என்று சொல்கிறேன். அறிக்கையில் இருக்கும் நான்கு வரியை வைத்துக்கொண்டு நீங்கள் பயப்படுவது ஃபோனிலேயே தெரிந்தது. நல்ல இரைப்பையின் உட்சுவர் ஈரமாக, வெளிறிய ரோஸ் நிறத்தில், பட்டுத்துணி மடிப்பு மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருக்கும். காற்றை ஊதினால் சுருக்கம் விரியும். இந்த அழற்சி முற்றினால் சுவர் சிவந்து வீங்கியிருக்கும், மேலே அங்கங்கே வெள்ளையாக மாவு பூசினாற்போல் படிந்திருக்கும், கருவி லேசாக உரசினாலே ரத்தம் கசியும். ஒரே ஒரு குழிப்புண் இருந்தால் அதை அல்சர் என்போம். இங்கே சுவர் முழுவதும் வெயிலில் உரிந்த தோல் மாதிரி ஆகியிருக்கும். சாப்பாடு இறங்காததற்கு அதற்கு மேல் காரணம் வேண்டுமா?

ஆனால் இது எல்லோருக்கும் இப்படி எழுதி ஒட்டியதுபோல் தெரியாது. சிலருக்குப் பார்வைக்கு ஒன்றுமே இருக்காது, லேசான சிவப்புதான். அதனால் இந்த ஊசி எடுப்பவர் என்று தெரிந்தால், நன்றாக இருக்கும் இடத்திலிருந்தும் ராகி அளவுக்கு நாலைந்து துணுக்குகள் கிள்ளி எடுத்து ஃபார்மலின் குப்பியில் போட்டு அனுப்புவோம். அதோடு போகும் சீட்டில் 'இம்யூனோதெரபி எடுப்பவர்' என்று எழுதாவிட்டால் பாதி வேலை வீண். மைக்ராஸ்கோப்பில் சுரப்பிகளைச் சுற்றி டி அணுக்கள் மொய்த்துக்கொண்டிருப்பதையும், சுரப்பி அணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்து உதிர்வதையும் பார்க்கிறவருக்கு, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஹெச். பைலோரி கிருமி இல்லை, சைட்டோமெகலோ வைரஸ் இல்லை, நுரையீரல் கட்டி இங்கே பரவவில்லை என்று விலக்குவதும் அதே துணுக்குகளில்தான். உங்கள் அறிக்கையில் வைரஸ் பற்றி ஒரு வரி இல்லாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். எடுத்த துணுக்கு ஆய்வகத்தில் மெழுகுக் கட்டியாக இருக்கும், அதிலேயே சாயம் போட்டுப் பார்த்துவிடலாம், மறுபடி குழாய் விட வேண்டியதில்லை.

இன்னொரு சந்தேக ஆசாமி உங்கள் வீட்டிலேயே இருந்தார். இடுப்பு வலிக்கு அவர் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவார் என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். பட்டறைக்காரர், முப்பது வருஷம் குனிந்து வெல்டிங் வைத்த இடுப்பு, வலிக்கத்தான் செய்யும். ஆனால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் அதுதான். இன்றோடு அது நிறுத்தம். ஸ்டீராய்டும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் ரத்த வாந்தி வரை போகும். வலிக்குப் பாராசிட்டமால் போதும், போதாவிட்டால் டாக்டர் வேறு தருவார்.

சரி, இப்போது என் கதை ஒன்று. பெருமைக்குரியது அல்ல. சில வருஷங்களுக்கு முன் சிறுநீரகப் புற்றுநோய்க்கு இதே மாதிரி ஊசி போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவை வாந்தி என்று என்னிடம் அனுப்பினார்கள். குழாய் விட்டுப் பார்த்தேன். இரைப்பையில் கொஞ்சம் சிவப்பு. காரணம் கிடைத்துவிட்ட திருப்தியில் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்து, அவசரப் பிரிவுக்கு வந்தார். ரத்த அழுத்தம் 80, சோடியம் தரைமட்டம். மூளைக்கு அடியில் இருக்கும் அவருடைய பிட்யூட்டரி சுரப்பியை அந்த நாய் கடித்திருந்தது. கார்டிசால் என்ற, உடம்பே தயாரிக்கும் ஸ்டீராய்டு சுத்தமாகச் சுரக்கவில்லை. வாந்தி வந்தது அதனால். இரைப்பைச் சிவப்பு சும்மா கூட இருந்தது. காலை எட்டு மணிக்கு ஒரு கார்டிசால் ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார், இன்றும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையோடு நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் அதிலிருந்து ஒரு பழக்கம்: இந்த ஊசி எடுப்பவர் வாந்தி என்று வந்தால், குழாயை எடுக்கும் முன் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கார்டிசால், தைராய்டு, ஈரல், கிரியேட்டினின், கால்சியம் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்துவிடுவேன். கூடவே தலைவலி என்றால் மூளை ஸ்கேன்.

சர்க்கரையை அந்தப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களையே இந்த அழற்சி தின்றுவிடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். திடீரென்று தாகம், அடிக்கடி சிறுநீர், அப்புறம் வாந்தி, மூச்சு வாங்கல். நேற்றுவரை மாத்திரையில் நின்ற சர்க்கரை 400, 500 என்று எகிறும். உங்கள் கணவரின் பரிசோதனைகளைப் படித்துக் காட்டினீர்கள், கார்டிசால் உட்பட எல்லாம் பார்த்திருக்கிறார்கள், சரியாகவே இருக்கின்றன. எனக்கும் நிம்மதி. சர்க்கரைக்கு அவர் சாப்பிடும் மெட்ஃபார்மினும் குமட்டல் தரும் மருந்துதான், ஆனால் பத்து வருஷமாக ஒத்துக்கொண்டது இன்றைக்குத் திடீரென்று பகையாகாது. இருந்தாலும் சாப்பாடே இறங்காத நாளில் அதைக் கொடுப்பதா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஸ்டீராய்டு. உங்கள் பயம் நியாயமானது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டப் பணத்தைக் கொட்டி ஊசி போட்டுவிட்டு, அதை அடக்க மாத்திரை கொடுத்தால் எல்லாம் போச்சே என்றுதான் யாருக்கும் தோன்றும். டாக்டர்களுக்கும் ஆரம்பத்தில் இந்தச் சந்தேகம் இருந்தது. பக்க விளைவுக்காக ஸ்டீராய்டு வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், வாங்கியதால் புற்றுநோய் விஷயத்தில் பின்தங்கியதாகத் தெரியவில்லை. ஊசி ஆரம்பிக்கும்போதே வேறு காரணத்துக்காக ஸ்டீராய்டில் இருந்தவர்களுக்குப் பலன் குறைவு என்று நுரையீரல் புற்றுநோயில் வேறு ஆய்வுகள் உண்டு, உங்கள் காதுக்கு எட்டியது அந்தச் செய்தியாக இருக்கும். அவர்களில் பலர் மூளைக்குப் பரவி, மூச்சுத் திணறி, ஏற்கனவே முடியாமல் இருந்தவர்கள். உங்கள் கணவர் கணக்கு வேறு. கட்டி சுருங்கிய பிறகு, சில வாரங்களுக்கு மட்டும் நாயைக் கட்டிப் போடுகிறோம்.

கட்டாமல் விட்டால்? அமில மாத்திரையால் மட்டும் இந்த அழற்சி அடங்குவது லேசான கேஸ்களில்தான். பத்து கிலோவில் ஒரு கிலோவுக்கு மேல் இழந்தவருக்கு அது பொருந்தாது. புற்றுநோய் கொல்வதற்கு முன் பட்டினி கொன்றுவிடும். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அலமாரியில் இருக்கும் மாத்திரை அவ்வளவு முக்கியம்.

உடம்பு எடை கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பது பிரட்னிசலோனின் வழக்கமான கணக்கு. 57 கிலோவுக்கு 60 சரியாகத்தான் வருகிறது. காலை டிபனுக்குப் பிறகு ஒரே வேளையாகக் கொடுங்கள், சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். விழுங்கிய அரை மணிக்குள் வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால், வீட்டிலேயே மல்லுக்கட்டாதீர்கள், அட்மிட் செய்து ஊசி வழியாக ஏற்றுவார்கள். ஒரு வாரத்துக்குள் குமட்டல் தணிந்து இரண்டு இட்லி மூன்றாக வேண்டும். ஆகாவிட்டால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் ஃபோன் போடுங்கள். அதற்கு மேலும் வழி இருக்கிறது. இன்ஃப்ளிக்சிமாப், வெடோலிசுமாப் என்று இரண்டு மருந்துகள், குடல் அழற்சிக்கு ஏற்கனவே பயன்படுத்தி வருபவை. இரண்டாவது பெரும்பாலும் குடல் பகுதியில் மட்டும் வேலை செய்யும் என்பதால் எனக்கு அதில் பிரியம் அதிகம். முதலாவதைக் கொடுக்கும் முன் காசநோயும் ஹெபடைடிஸ் பி-யும் பதுங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் நாட்டில் காசநோய் எந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது.

சர்க்கரை ஏறும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு, நிறையப் பேர் ஏமாறுகிற இடம். காலையில் சாப்பிடும் ஸ்டீராய்டு மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரையைத் தூக்கும். விடியற்காலைக்குள் இறங்கிவிடும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு "120 தான், பரவாயில்லை" என்று இருப்பீர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் 350 இருக்கும். ஆகவே மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பும் விரலில் குத்திப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். சில வாரத்துக்கு இன்சுலின் போட வேண்டி வரலாம். அதனால் ஆயுள் முழுக்க இன்சுலின் என்று அர்த்தமில்லை.

அவர் சிடுசிடுவென்று விழுவார், ராத்திரி பத்து மணிக்குப் பழைய கணக்கு நோட்டையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார், அது மாத்திரை பேசுவது. வாயில் வெள்ளையாகப் படிந்து எரிந்தால் காளான் தொற்று, அதற்குச் சொட்டு மருந்து உண்டு. நாலு வாரத்துக்கு மேல் 20 மில்லிகிராமோ அதற்கு அதிகமாகவோ போகும் என்றால், நுரையீரல் தொற்று வராமலிருக்க கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை கூட எழுதுவது வழக்கம். எழுதியிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். இன்னொன்று பான்டப்ரசோல் என்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. ஸ்டீராய்டு இருக்கும்வரை அது துணைக்கு இருக்கட்டும், ஆனால் இந்த ஊசி எடுப்பவர்களுக்கு அந்த வகை மாத்திரை சிறுநீரக அழற்சிக்கு வழி வைக்கக்கூடும். அதனால் அவ்வப்போது கிரியேட்டினின் பார்த்து, தேவை முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வருஷக்கணக்கில் பழக்கமாக விழுங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்றாம் வாரம் அவர் நன்றாகச் சாப்பிட ஆரம்பிப்பார். அந்த நேரம்தான் எனக்குப் பயம். "சரியாகிவிட்டதே, எதற்கு வீணாக" என்று நிறுத்திவிடுவார்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது உடம்பின் சொந்தச் சுரப்பி கடையைச் சாத்திவிடும். சட்டென்று நிறுத்தினால் மயங்கி விழுவார். கூடவே அழற்சியும் திரும்பும். நாலிலிருந்து ஆறு வாரத்தில் படிப்படியாக, பெரும்பாலும் வாரத்துக்குச் சுமார் 10 மில்லிகிராம் வீதம் குறைப்போம். குறைக்கும்போது குமட்டல் எட்டிப் பார்த்தால் ஒரு படி மேலே ஏறி நிற்பது உண்டு. உங்கள் டாக்டர் எழுதிய அட்டவணையைத் தினசரி காலண்டரில் அந்தந்தத் தேதித் தாளில் எண்ணாக எழுதி வைத்துவிடுங்கள். தாளைக் கிழிக்கும்போதே அன்றைய அளவு கண்ணில் படும்.

திரும்ப ஊசி போடலாமா என்பதை ஸ்டீராய்டு 10 மில்லிகிராமுக்கோ அதற்குக் கீழேயோ வந்து, அவர் சாப்பிட்டு எடை ஏறிய பிறகுதான் பேசவே முடியும். பிடி-1 வகை ஊசியில் பலருக்குத் திரும்ப ஆரம்பிக்கிறார்கள். சிலருக்கு அதே தொந்தரவு திரும்புகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. உயிருக்கு ஆபத்து என்ற அளவுக்குப் போனவர்களுக்கு மட்டும் அந்தக் கதவைச் சாத்திவிடுவோம். உங்கள் கணவர் அந்த ரகம் இல்லை. இதற்கு மேல் உங்கள் கேன்சர் டாக்டரின் முடிவு, நான் மூக்கை நுழைக்கக் கூடாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் போட்டு, ஆரம்பத்திலேயே பக்க விளைவால் நிறுத்தியவர்கள், தொடர்ந்து போட்டவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். நுரையீரலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் பழகிய அணுக்கள் ஊசி நின்ற மறுநாளே வேலையை மறந்துவிடுவதில்லை.

கஷாயம் வேண்டாம், அம்மா. எதிர்வீட்டு அக்காவின் நல்ல மனசு புரிகிறது. எதிர்ப்பு சக்தி எல்லை மீறிப் போனதால்தான் இந்த வியாதியே வந்திருக்கிறது, அதற்கு எதிர்ப்பு சக்தி கூட்டும் மருந்தா? அதில் சீந்தில் கொடி சேருகிறது என்று வேறு சொன்னீர்கள். கொரோனா சமயத்தில் அதைத் தினமும் குடித்துச் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். சித்த மருந்தே ஆகாது என்று சொல்லவில்லை, இந்த ஆறு வாரம் ஆகாது.

சாப்பாட்டில் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை. காரம் சாப்பிட்டதால் வந்த நோய் இல்லை இது, உப்புச்சப்பில்லாத சாப்பாட்டால் போகப்போவதும் இல்லை. உரிந்த தோலில் மிளகாய்த்தூள் படாமல் இருந்தால் எரியாது, அவ்வளவுதான் விஷயம். புளிக்குழம்பு, ஊறுகாய், எண்ணெயில் பொரித்தது கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கட்டும். மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். இட்லி, குழைந்த பருப்புச் சாதம், தயிர் சாதம், வேகவைத்த முட்டை, மீன் பிடிக்குமென்றால் குழம்பில்லாமல் ஆவியில். சர்க்கரை இருப்பதால் வெறும் அரிசிக் கஞ்சியாகவே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். முட்டையும் பருப்பும்தான் போன ஏழு கிலோவைத் திருப்பித் தரும். தட்டு நிறைய வைத்தால் பார்த்ததுமே குமட்டும், சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். வாரம் ஒருநாள், ஒரே தராசில், காலையில் எடை.

மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, வாந்தி காபித்தூள் நிறத்தில் வந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்காவிட்டாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, பேதி ஆரம்பித்தாலோ, மூச்சு வாங்கினாலோ நேரம் காலம் பார்க்காமல் கிளம்புங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் சொல்லி வையுங்கள். எந்த மருத்துவமனையாக இருந்தாலும் வாசலிலேயே சொல்ல வேண்டிய வாக்கியம்: "கீமோ இல்லை, இம்யூனோதெரபி. பெம்ப்ரோலிசுமாப், எட்டு ஊசி, கடைசி ஊசி இந்தத் தேதி. இப்போது ஸ்டீராய்டில் இருக்கிறார்." அதை ஃபைல் அட்டையின் மேல் மார்க்கர் பேனாவில் பெரிதாக எழுதுங்கள். அவர் சட்டைப்பையிலும் ஒரு சீட்டு இருக்கட்டும். அவர் பட்டறைக்கோ கல்யாணத்துக்கோ போயிருக்கும் இடத்தில் மயங்கினால் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

காபி கேட்டாரே. வெறும் வயிற்றில் வேண்டாம். முதலில் இரண்டு இட்லி உள்ளே போகட்டும், அப்புறம் மாத்திரை, அதற்கப்புறம் சர்க்கரை போடாமல் பால் தூக்கலாக, அரை டம்ளர். எரிந்தால் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். எரியாவிட்டால் குடித்துக்கொள்ளட்டும்.